ஓட்டுநரை எடைபோடுவது எப்படி, மாற்றுவது எப்போது? ஃபார்முலா பந்தயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே நிற்கும் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயங்களைப் பின்தொடர்பவர்களிடையே ஒவ்வொரு சீசனிலும் இரண்டு விவாதங்கள் தவறாமல் எழுகின்றன. இந்த ஓட்டுநர் உண்மையிலேயே நன்றாக ஓட்டுகிறாரா என்பது ஒன்று. அணி இவரை நீக்கியது சரியா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் ஒட்டி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை பதில் எழுதியிருக்கிறேன்.

புள்ளிப்பட்டியலில் மேலே இருப்பவர்தானே நல்ல ஓட்டுநர்? அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

புள்ளிப்பட்டியல் ஓட்டுநரையும் காரையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். ஃபார்முலா 1-இல் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது. முன்வரிசைக் காருக்கும் கடைசி வரிசைக் காருக்கும் உள்ள இடைவெளியை எவ்வளவு பெரிய திறமைசாலியாலும் கைத்திறனை மட்டும் கொண்டு ஈடுகட்ட முடியாது. ஆகவே பட்டியலில் நான்காவதாக இருப்பவர், பதினான்காவதாக இருப்பவரைவிடச் சிறந்தவர் என்று அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

புள்ளி கிடைத்த சூழலையும் பார்க்க வேண்டும். 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். மிஷெலின் டயர்கள் இண்டியானாபொலிஸ் தடத்தைத் தாங்காது என்ற அச்சத்தால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. ஃபார்முலா 1-இல் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகளும் அந்த ஐந்துதான். அந்த நான்காம் இடத்தை வைத்து அவரை உயர்த்துவதும் தவறு. மற்ற பந்தயங்களின் வெற்றிடத்தை வைத்து அவரைத் தாழ்த்துவதும் தவறு.

விதிமுறையும் பட்டியலை மாற்றும். 1988-இல் மெக்லாரன் அணியின் அலெய்ன் புரோஸ்ட் மொத்தம் 105 புள்ளிகளும் அயர்டன் சென்னா 94 புள்ளிகளும் எடுத்தார்கள். ஆனால் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டுமே கணக்கில் வரும் என்பது அன்றைய விதி. அதன்படி சென்னா 90, புரோஸ்ட் 87 என்று முடிந்து சென்னா சாம்பியன் ஆனார்.

ஏன் எப்போதும் சக ஓட்டுநரோடு மட்டும் ஒப்பிடுகிறீர்கள்?

ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே பொறியாளர் குழு என்று இத்தனையும் பொதுவாக அமைவது ஓர் அணியின் இரண்டு ஓட்டுநர்களுக்கு மட்டும்தான். மற்ற எந்த ஒப்பீட்டிலும் கார் குறுக்கே வந்துவிடுகிறது. எனவே ஓர் ஓட்டுநரை மதிப்பிடும் எவரும் முதலில் அவருடைய சக ஓட்டுநரைத்தான் பார்ப்பார்கள்.

அதற்காக இருவருடைய கார்களும் எப்போதும் அச்சு அசலாக ஒன்றே என்று நம்பிவிட வேண்டாம். புதிய இறக்கையோ தரைத்தட்டோ ஒரே ஒரு தொகுதிதான் தயாராகியிருந்தால், அது பெரும்பாலும் புள்ளிகளில் முன்னால் இருப்பவருக்குப் போகும். 2024 ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில் வில்லியம்ஸ் அணியின் அலெக்ஸ் ஆல்பன் முதல் பயிற்சி அமர்வில் மோதித் தன் காரின் சட்டகத்தைச் சேதப்படுத்தினார். அணியிடம் உபரிச் சட்டகம் இல்லை. எந்தத் தவறும் செய்யாத லோகன் சார்ஜென்ட்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்தார்கள். சார்ஜென்ட் அந்த வாரம் பந்தயத்திலேயே கலந்துகொள்ளவில்லை. ஆண்டு இறுதியில் இருவரின் எண்களை அடுக்கி வைக்கும்போது இதையும் நினைவில் கொள்வதுதான் நியாயம்.

தகுதிச் சுற்றில் 15–7, 18–4 என்று போடுகிறார்களே, அது போதாதா?

பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதை, வேகமான ஒரு லேப்பை (தடத்தின் ஒரு முழுச் சுற்று) வைத்து முடிவுசெய்வதே தகுதிச் சுற்று. சக ஓட்டுநர்கள் இருவரில் யார் அதில் எத்தனை முறை முன்னால் இருந்தார் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். எவ்வளவு முன்னால் இருந்தார் என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் 0.03 விநாடியில் தோற்பவரும் ஒவ்வொரு முறையும் 0.6 விநாடியில் தோற்பவரும் அந்தக் கணக்கில் ஒரே மாதிரி தெரிவார்கள். ஆகவே இடைவெளியை லேப் நேரத்தின் விழுக்காடாக மாற்றிக்கொள்வது நல்லது. ரெட் புல் ரிங் தடத்தில் ஒரு லேப் ஏறத்தாழ 64 விநாடி; ஸ்பா தடத்தில் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 101 விநாடி. அதே 0.2 விநாடி முதல் தடத்தில் 0.31 விழுக்காடு, இரண்டாவதில் 0.2 விழுக்காடு. முதலாவது கணிசமான பின்னடைவு, இரண்டாவது சாதாரணமானது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மூன்று பகுதிகளாக நடக்கும் தகுதிச் சுற்றில், நேரம் போகப் போகத் தடத்தில் ரப்பர் படிந்து வேகம் கூடும். ஆகவே இருவரும் சேர்ந்து ஓடிய கடைசிப் பகுதியின் நேரத்தைத்தான் ஒப்பிட வேண்டும். முதல் பகுதியிலேயே வெளியேறியவரின் நேரத்தை, மூன்றாம் பகுதி வரை போனவரின் நேரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகத் தெரியும். அடுத்து, சராசரியை விட இடைநிலை மதிப்பே (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) நம்பகமானது. மழையிலோ, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியிலோ கெட்டுப்போன ஒரு லேப் சராசரியை இழுத்துவிடும்; இடைநிலை மதிப்பு அதற்கு அசைந்துகொடுக்காது.

இத்தனைக்குப் பிறகும் தகுதிச் சுற்று என்பது ஒரே ஒரு லேப்பின் கதைதான். 1984-இல் நிகி லாடாவை அலெய்ன் புரோஸ்ட் தகுதிச் சுற்றுகளில் 15–1 என்று வென்றார். பந்தய வெற்றிகளிலும் 7–5 என்று முன்னால் இருந்தார். சாம்பியன் பட்டத்தை 72–71.5 என்று அரைப் புள்ளியில் வென்றவர் லாடா.

அப்படியானால் பந்தய வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? லேப் நேரங்களைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது.

லேப் நேரங்களுக்குள் எரிபொருளும் டயரும் ஒளிந்திருப்பதால்தான் குழப்பம். அண்மைக்கால ஃபார்முலா 1 கார்கள் ஏறத்தாழ நூறு கிலோ எரிபொருளோடு பந்தயத்தைத் தொடங்கின. ஒவ்வொரு கிலோவும் லேப்புக்கு ஏறத்தாழ 0.03 விநாடி பாரம் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. தடத்துக்குத் தடம் இது சற்று மாறும். 60 லேப் பந்தயத்தில் ஒரு லேப்புக்கு 1.7 கிலோ எரிந்தால், எதுவும் செய்யாமலே கார் ஒவ்வொரு லேப்பிலும் 0.05 விநாடி வேகமாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஓர் ஓட்டுநர் ஒரே டயரில் 10-ஆம் லேப்பையும் 1 நிமிடம் 32.5 விநாடியில் முடிக்கிறார். 25-ஆம் லேப்பையும் அதே நேரத்தில் முடிக்கிறார். நேரம் மாறவே இல்லை, டயர் நன்றாக இருக்கிறது என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் 15 லேப்புகளில் எரிபொருள் குறைந்ததால் அவர் 0.75 விநாடி வேகமாகியிருக்க வேண்டும். அந்த 0.75 விநாடி முழுவதையும் டயர் தேய்மானம் தின்றுவிட்டது என்பதே இதன் பொருள். அதே காலகட்டத்தில் சக ஓட்டுநர் 32.5-இலிருந்து 32.2-க்கு இறங்கியிருந்தால், அவர் டயரை எவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றியிருக்கிறார் என்பது தெரியவரும். தொலைக்காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. மோதலோ முந்தலோ எதுவும் இருக்காது. என்னைப் பொறுத்தவரை ஓட்டுநரின் தரம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் இதுதான்.

இந்தக் கணக்கைப் போடும்போது, முன்னால் நெருக்கத்தில் வேறு கார் இல்லாத லேப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே செல்லும் கார் கலைத்துவிட்ட காற்றில், காரைத் தடத்தோடு அழுத்தும் கீழழுத்த விசை குறைந்து, கார் வழுக்கி, டயர் சூடேறும். அங்கே வேகம் குறைவது ஓட்டுநரின் குறையாகாது. பிட்டுக்குள் (டயர் மாற்ற நிறுத்தும் பகுதிக்குள்) வரும் லேப், வெளியேறும் லேப், விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக ஓட்டவைக்கும் சேஃப்டி கார் லேப் ஆகியவற்றையும் நீக்கிவிட வேண்டும். இருவரும் வெவ்வேறு ரக டயர்களில் இருந்தால் ஒப்பிடாமல் விட்டுவிடுவதே மேல்.

அதிகப் புள்ளி எடுத்தவர் வேகத்தில் குறைந்தவராக இருக்க முடியுமா?

முடியும். லூயிஸ் ஹாமில்டனும் ஜென்சன் பட்டனும் 2010 முதல் 2012 வரை மெக்லாரனில் மூன்று சீசன்கள், 58 பந்தயங்கள் சேர்ந்து ஓட்டினார்கள். தகுதிச் சுற்றுகளில் ஹாமில்டன் 44–14 என்று முன்னால் இருந்தார். மூன்றாண்டு மொத்தப் புள்ளிகளில் பட்டன் 672, ஹாமில்டன் 657.

இந்த இரண்டு எண்களும் உண்மை. ஆண்டுவாரியாகப் பிரித்தால்தான் அவை எப்படி ஒத்துப்போகின்றன என்பது விளங்கும். 2010-இல் ஹாமில்டன் 240–214 என்று முன்னால். 2011-இல் பட்டன் 270–227. அந்த ஆண்டு ஹாமில்டன் பலமுறை பிறரோடு மோதிப் புள்ளிகளை இழந்தார், பட்டன் நிதானமாக ஓட்டினார், ஆகவே அந்த இடைவெளி பட்டன் உழைத்துப் பெற்றது. 2012-இல் 190–188 என்று ஏறத்தாழச் சமம். ஆனால் அந்தச் சமநிலை ஏமாற்றக்கூடியது. சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்த ஹாமில்டனின் கார் பழுதாகி நின்றது. ஸ்பெயினில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தும், காரில் எரிபொருள் போதாததால் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். முதல் சீசனில் ஹாமில்டன், இரண்டாவதில் பட்டன், மூன்றாவதில் புள்ளிகள் சொல்வதைவிடத் தெளிவாக ஹாமில்டன் என்பது என் கணிப்பு.

மழையில் தெரிவதுதான் உண்மையான திறமை என்கிறார்களே?

பாதி உண்மை. ஈரத்தடத்தில் காரின் மேலாதிக்கம் குறைந்து, பிடிமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓட்டுநரின் பங்கு கூடுகிறது. அதே நேரத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கும் கூடுகிறது. 2024 பிரேசில் பந்தயத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 17-ஆம் இடத்தில் தொடங்கி வென்றார். பந்தயத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் சிவப்புக் கொடி காட்டப்பட்டபோது அவர் பிட்டுக்குப் போயிருக்கவில்லை. அதனால் நேர இழப்பில்லாமல் டயர் மாற்றிக்கொண்டார். அந்த உதவியைக் கழித்தாலும் அது அபாரமான ஓட்டம்தான், ஏனெனில் அதற்கு முன்பே பல கார்களை அவர் தடத்தில் முந்தியிருந்தார். அதே ரெட் புல் காரில் செர்ஜியோ பெரெஸ் 11-ஆவதாகவே வந்தார். ஆனாலும் ஒரு மழைப் பந்தயத்தை வைத்து ஒருவரைத் தூக்கிப்பிடிப்பது சரியாகாது.

எத்தனை பந்தயம் பார்த்த பிறகு ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்?

இதற்கென்று ஒரு மாய எண் கிடையாது. முந்தைய பதில்களில் சொன்னபடி மழை, பழுது, மோதல், வெவ்வேறு டயர் ஆகியவற்றை நீக்கினால், பத்துப் பந்தயங்களில் நேர்மையாக ஒப்பிடத்தக்கவை ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். தகுதிச் சுற்று வேகம் பற்றி அரை சீசனில் ஓரளவு உறுதியாகப் பேசலாம். பந்தய வேகம், டயர் பராமரிப்பு பற்றிப் பேச ஒரு முழு சீசனாவது வேண்டும். புதிதாக வந்தவர் என்றால், முதல் பாதியின் சராசரியைவிட, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்பதைக் கவனிப்பதே பயனுள்ளது.

சீசனின் நடுவில் ஓட்டுநரை மாற்ற விதி இடம்தருகிறதா? புள்ளிகள் யாருக்குப் போகும்?

இடம்தருகிறது. ஃபார்முலா 1-இல் ஓர் அணி ஒரு சீசனில் நான்கு ஓட்டுநர்கள் வரை பயன்படுத்தலாம். வருபவரிடம் ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான உரிமமாகிய சூப்பர் லைசென்ஸ் இருக்க வேண்டும். கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று சீசன்களில் 40 தகுதிப் புள்ளிகள் சேர்த்திருப்பது அதற்கான முக்கிய நிபந்தனை. எடுக்கும் சாம்பியன்ஷிப் புள்ளிகள் ஓட்டுநரின் சொந்தக் கணக்கிலும் அணியின் கணக்கிலும் தனித்தனியாகச் சேரும். முன்பு அந்தக் காரை ஓட்டியவரின் புள்ளிகள் புதியவருக்கு மாறாது. அமெரிக்காவின் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத் தொடரான இண்டிகாரில் ஓட்டுநர் புள்ளிகளோடு, கார் எண்ணுக்கு உரிய புள்ளிகளும் தனியாகக் கணக்கிடப்படுகின்றன. அங்கே ஓட்டுநர் மாறினாலும் அந்த எண்ணின் கணக்கு தொடரும்.

மாற்றாக வந்தவர் முதல் பந்தயத்திலேயே அசத்தினால், அவருக்கே இடம் கொடுத்துவிடலாமே?

2020 சாகிர் கிராண்ட் பிரீயில் கோவிட் தொற்றால் ஹாமில்டன் விலக, வில்லியம்ஸ் அணியிலிருந்து ஜார்ஜ் ரஸ்ஸல் மெர்சிடிஸுக்கு வந்தார். உயரமானவர் என்பதால் அந்தக் குறுகிய இடத்தில் கால்களை நுழைக்கவே சிரமப்பட்டு, தன் அளவைவிடச் சிறிய காலணியை அணிந்து ஓட்டினார். தகுதிச் சுற்றில் வால்ட்டேரி போட்டாஸுக்கு 0.026 விநாடி பின்னால். பந்தயம் தொடங்கியதும் அவரை முந்தி முதலிடம். பிட்டில் அணியினர் தவறான டயர்களைப் பொருத்திய குழப்பமும் பிறகு ஏற்பட்ட பஞ்சரும் சேர்ந்து ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளின. முடிவு ஒன்பது, ஆட்டம் வெற்றிக்குரியது. இத்தனைக்கும் மெர்சிடிஸில் நிரந்தர இடம் கிடைக்க அவர் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. நிக் டி விரிஸ் 2022 மோன்ஸாவில், குடல்வால் அழற்சியால் விலகிய ஆல்பனுக்கு மாற்றாக வில்லியம்ஸ் காரில் ஒன்பதாவதாக வந்தார். நேர்க்கோட்டு வேகம் மிகுந்த அந்தக் காருக்கு மோன்ஸா பொருத்தமான தடம். அந்த ஒரு பந்தயம் அவருக்கு 2023-இல் ஆல்ஃபாடௌரி இருக்கையைப் பெற்றுத்தருவதில் பெரும்பங்கு வகித்தது. பத்துப் பந்தயங்களில் ஒரு புள்ளியும் எடுக்காத நிலையில் நீக்கப்பட்டார். மாற்று ஓட்டுநரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சுமையின்மையும் அவர் காட்டும் வேகத்தில் ஒரு பங்கு. நிரந்தர இருக்கையில் அது இருக்காது.

அனுபவசாலி ஒருவரை நல்ல காரில் உட்கார வைத்தால் உடனே ஓட்டிவிடமாட்டாரா?

2009-இல் நடந்ததைப் பாருங்கள். ஹங்கேரியில் ஃபெலிப்பே மாஸா தலையில் காயமடைந்ததும், ஃபெராரி தன் சோதனை ஓட்டுநர் லூகா படோயரை அமர்த்தியது. பத்தாண்டுகளாகப் பந்தயத்தில் இறங்காத அவர் இரண்டு முறையும் கடைசி இடத்திலேயே தகுதி பெற்றார். அடுத்து ஜியான்கார்லோ ஃபிசிகெல்லாவை அழைத்தார்கள். அவர் அதற்குச் சற்று முன்புதான் ஸ்பாவில் ஃபோர்ஸ் இந்தியா காரில் போல் பொசிஷன் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்து, பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருந்தார். அந்தப் பந்தயத்தை வென்ற கார் ஃபெராரி. அப்படிப்பட்டவர் ஃபெராரியில் ஐந்து பந்தயங்கள் ஓட்டி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை.

ஓட்டுநர் அதே மனிதர்தான். பிரேக் பிடிக்கும்போது கார் எப்படி நடந்துகொள்ளும், வளைவுக்குள் எந்தக் கணத்தில் பின்பக்கம் நழுவத் தொடங்கும், ஸ்டியரிங்கில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் யோசிக்காமல் கைக்கு வர வேண்டும். ஃபெராரியில் இருந்த ஆற்றல் மீட்பு அமைப்பு அவர் ஓட்டிவந்த காரில் கிடையாது. போதாக்குறைக்கு, சீசனுக்கு நடுவே சோதனை ஓட்டம் நடத்துவது அந்த ஆண்டிலிருந்து தடைசெய்யப்பட்டது. சிமுலேட்டர் இன்று அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. 2024 சவுதி அரேபியாவில், கார்லோஸ் சைன்ஸுக்கு மாற்றாக ஒரே ஒரு பயிற்சி அமர்வோடு களமிறங்கிய 18 வயது ஆலிவர் பேர்மன் ஃபெராரியை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்ததில், அவர் ஏற்கெனவே அந்த அணியின் மாற்று ஓட்டுநராகத் தயாராகிவந்ததற்குப் பங்குண்டு.

ரெட் புல்லின் இரண்டாவது இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் ஏன் திணறுகிறார்கள்?

முதல் இருக்கை மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுடையது. அவருடைய சக ஓட்டுநர் பியர் காஸ்லி 2019-இல் 12 பந்தயங்களோடு மாற்றப்பட்டார். ஆல்பன் 2020 இறுதியில் இடமிழந்தார். பெரெஸ் 2023-இல் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்தவர், 2024-இல் வெர்ஸ்டாப்பனின் 437 புள்ளிகளுக்கு எதிரே 152 மட்டுமே எடுத்து விலக நேர்ந்தது. லியம் லாசன் 2025-இல் இரண்டே பந்தயங்கள் தாங்கினார். அவருக்குப் பின் வந்த யூகி சுனோடாவும் சீசன் முடிவில் ஐசக் ஹஜாருக்கு இடம்விட்டார். இத்தனை பேரும் திறமையற்றவர்கள் என்று சொல்வது எளிது; நம்புவது கடினம்.

முன்பக்கம் சட்டென்று திரும்பும், பின்பக்கம் நிலைகொள்ளாத காரை வெர்ஸ்டாப்பன் விரும்புகிறார், அதில் வேகமும் காண்கிறார். வேகம் கிடைக்கும் திசையில் அணி காரை வளர்க்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேகத்தை எடுக்கக்கூடிய ஓட்டு முறைகளின் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. சக ஓட்டுநர் ஒப்பீடே சிறந்த அளவுகோல் என்று இரண்டாவது பதிலில் சொன்னேன். அந்த அளவுகோல் பலவீனப்படும் இடம் இதுதான்: கார் ஒன்றேயானாலும் அது ஒருவரின் கைக்கேற்ப வளர்ந்திருக்கிறது. என் கருத்தில், லாசனை இரண்டு பந்தயங்களில் மாற்றியது ஓட்டுநரை அளந்து எடுத்த முடிவாக இருக்க முடியாது. ஏழாவது பதிலில் சொன்ன எந்தக் கணக்கும் இரண்டு பந்தயங்களில் கைகூடாது.

வேகமானவர் இருக்கும்போது பணம் கொண்டுவருபவரை ஏன் எடுக்கிறார்கள்?

சிறிய அணிகளுக்கு அந்தப் பணமே அடுத்த பந்தயத்துக்குப் போவதற்கான வழி. 2010-இல் எச்ஆர்டி அணி கருண் சந்தோக்கை நீக்கி சகோன் யமமோட்டோவை அமர்த்தியது. 2011-இல் அதே அணி, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ முதல் கார்த்திகேயனின் இடத்தில் டேனியல் ரிக்கார்டோவை இறக்கியது. ரிக்கார்டோவுக்கு அனுபவம் தேடித்தர விரும்பிய ரெட் புல்லின் ஆதரவு அதன் பின்னால் இருந்தது. அந்த ஆண்டின் இந்திய கிராண்ட் பிரீக்குக் கார்த்திகேயன் திரும்பவும் அழைக்கப்பட்டார். இந்த மாற்றங்களில் எதையும் லேப் நேரங்களைக் கொண்டு விளக்க முயலக் கூடாது. ஆதரவாளர், இளம் ஓட்டுநர் பயிற்சித் திட்டம், எஞ்சின் வழங்கும் நிறுவனத்தின் விருப்பம் ஆகியவை அறிவிப்பில் எழுதப்படுவதில்லை, முடிவில் இருக்கும்.

ஒப்பந்தம் இருக்கும்போது எப்படி நீக்க முடிகிறது?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரு தரப்புக்கும் விலகும் வழிகள் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத இடங்களில் இழப்பீடு பேசி முடிக்கப்படும். ஓர் ஓட்டுநருக்கு இரண்டு அணிகள் உரிமை கோரினால் அதைத் தீர்க்கத் தனிக் குழு உண்டு. 2022 ஆகஸ்ட் 2 அன்று ஆல்பைன் தன் அடுத்த ஆண்டு ஓட்டுநராக ஆஸ்கர் பியாஸ்ட்ரியை அறிவித்தது. தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று அவர் அன்றே மறுத்தார். செப்டம்பர் 2 அன்று அந்தக் குழு மெக்லாரனின் ஒப்பந்தமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆண்டு ஒப்பந்தம் மீதமிருந்த ரிக்கார்டோவை மெக்லாரன் பேசி விடுவித்த பிறகே அந்த இடம் காலியானது.

இண்டிகாரிலும் ஃபார்முலா 2-இலும் எல்லாருக்கும் ஒரே கார். அங்கே தீர்ப்புச் சொல்வது எளிதுதானே?

ஓரளவு எளிது. இண்டிகாரில் 2012 முதல் எல்லாரும் டல்லாரா சட்டகத்தையே பயன்படுத்துகிறார்கள். எஞ்சின் ஹோண்டா அல்லது செவர்லே. ஆனால் அதிர்வு தாங்கிகளை அணிகள் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். மேடுபள்ளமான தெருத்தடங்களில் அதுவே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். ஃபார்முலா 1-க்கு அடுத்த கீழ்ப்படியான ஃபார்முலா 2-இல் கார் முற்றிலும் ஒன்றே. அங்கே பொறியாளரின் அனுபவம்தான் வேறுபாடு. மேலும் அதன் குறும்பந்தயத்தில் தகுதிச் சுற்றின் முதல் பத்துப் பேர் தலைகீழாக நிறுத்தப்படுவதால், வெற்றிகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இண்டிகாரில் தடங்களின் வகையும் கூடுதல் சிக்கல். சாலைத்தடம், தெருத்தடம், ஓவல் (நீள்வட்டத் தடம்) ஆகிய மூன்றும் வெவ்வேறு திறன்களைக் கேட்கின்றன. அலெக்ஸ் பலோ 2021, 2023, 2024 என மூன்று சாம்பியன் பட்டங்களை வென்றபோது ஓவலில் ஒரு வெற்றிகூட அவரிடம் இல்லை. முதல் ஓவல் வெற்றி 2025 இண்டியானாபொலிஸ் 500-இல்தான் வந்தது. ஆகவே மூன்றையும் கலந்து சராசரி எடுக்காமல், தடவகைக்கு ஒரு கணக்காகப் பிரித்து வைத்துக்கொள்வதே சரி.

அ, ஆவை வென்றார். ஆ, இயை வென்றார். அப்படியானால் அ, இயைவிடச் சிறந்தவர் என்று சங்கிலி போடலாமா?

இப்படிக் கணக்கிடுபவர்கள் உண்டு. கவனமாகச் செய்தால் பொழுதுபோக்குக்கு மேலான பயனும் உண்டு. ஆனால் கண்ணிகள் கூடக்கூடப் பிழையும் கூடும். 2014-இல் ரெட் புல்லில் ரிக்கார்டோ 238, செபாஸ்டியன் வெட்டல் 167. மெக்லாரனில் லாண்டோ நோரிஸ் ரிக்கார்டோவை 2021-இல் 160–115 என்றும், 2022-இல் 122–37 என்றும் விஞ்சினார். இதை வைத்து நோரிஸ் வெட்டலைவிடப் பல மடங்கு மேல் என்று சொன்னால், 2014-இன் ரிக்கார்டோவும் 2022-இன் ரிக்கார்டோவும் ஒரே ஓட்டுநர் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த மெக்லாரனுக்குத் தேவைப்பட்ட பிரேக் முறை அவருடைய கைக்கு வரவே இல்லை. 2014-இன் வெட்டலும், புதிய எஞ்சின் விதிகள் வருவதற்கு முன் 2013-இல் தொடர்ந்து ஒன்பது பந்தயங்களை வென்ற வெட்டல் அல்லர். விதிகள் பெரிதாக மாறும் ஆண்டைத் தாண்டி இந்தச் சங்கிலியை இழுக்காமல் இருப்பது நல்லது.

நீக்கப்பட்டவர் வேறு அணிக்குப் போய் நன்றாக ஓட்டினால், நீக்கிய அணி தவறு செய்தது என்றுதானே பொருள்?

எப்போதும் அப்படியில்லை. காஸ்லி ரெட் புல்லில் 63 புள்ளிகளோடு இருந்தபோது வெர்ஸ்டாப்பனிடம் 181 இருந்தது. ரெட் புல்லின் இளைய அணியான டோரோ ரோசோவுக்குத் திரும்பிய சில மாதங்களிலேயே 2019 பிரேசிலில் இரண்டாமிடம் பெற்றார். 2020-இல் மோன்ஸாவில் வென்றார். இந்த இரண்டையும் வைத்து, ரெட் புல் அவரை வைத்திருக்க வேண்டும் என்று பலர் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு பந்தயங்களிலும் முன்னணிக் கார்கள் பாதிக்கப்பட்டன: பிரேசிலில் மோதல்கள், மோன்ஸாவில் சேஃப்டி காரும் சிவப்புக் கொடியும். வாய்ப்பு வந்தபோது காஸ்லி பிழையின்றி ஓட்டினார் என்பதை அவை நிரூபிக்கின்றன. ரெட் புல் காரில் வெர்ஸ்டாப்பனை நெருங்கியிருப்பார் என்பதை அவை நிரூபிக்கவில்லை.

அணியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீக்கிய பிறகு அந்தக் காரில் அமர்ந்தவர், நீக்கப்பட்டவரைவிட அணியின் முதன்மை ஓட்டுநருக்கு நெருக்கமாக வந்தாரா? ஆல்பன் புள்ளிகளில் காஸ்லியைவிடச் சீராகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தகுதிச் சுற்று இடைவெளி பழைய அளவுக்கு விரிந்தது. ஓட்டுநர் மாறியும் இடைவெளி மாறாவிட்டால், அடுத்து ஆராய வேண்டியது காரையும் அதை வளர்க்கும் திசையையும்தான். 2024-இல் ஓட்டுநர் சாம்பியனைத் தன்னிடம் வைத்திருந்த ரெட் புல், அணிகளுக்கான பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியபோது அந்தக் கேள்வியின் விலை தெளிவாகத் தெரிந்தது.